படிக்காத முந்நூறு புத்தகங்களில் எதை வைப்பது, எதை விடுவது?

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளியில் வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் கேள்வி, சுருக்கமாக: “வீட்டில் இரண்டு பீரோ நிறையப் புத்தகம். அதில் முந்நூறு இன்னும் திறந்தே பார்க்காதவை. பாதிக்கு மேல் தமிழ், மீதி மலையாளம். வருஷா வருஷம் கோவை புத்தகத் திருவிழாவுக்குப் போய்ப் பை பையாக வாங்கி வருகிறேன். நடுவில் வாங்குவதையும் சேர்த்தால் நாற்பது தேறும். கிண்டிலில் கிடப்பது தனி. கறையான் வந்துவிடும் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வாங்குவதை நிறுத்திவிடட்டுமா? இருப்பதை எப்படி முடிப்பது?”

டீச்சர், முடிக்க முடியாது. மனதைத் தேற்றிக்கொள்வதற்கு முன்னால் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். பள்ளிக்கூட வேலை, வீட்டு வேலை, பேப்பர் திருத்துவது எல்லாம் போக ஒரு நாளைக்கு 20 பக்கம் படிக்கிறீர்கள் என்று வைப்போம். வருஷத்துக்கு 7,300 பக்கம். ஒரு புத்தகம் சராசரி 240 பக்கம் என்றால் முப்பது புத்தகம். முந்நூறை முடிக்கப் பத்து வருஷம், அதுவும் இனிமேல் ஒன்றுகூட வாங்காமல் இருந்தால். நீங்களோ வருஷத்துக்கு நாற்பது வாங்குகிறீர்கள். குவியல் ஆண்டுக்குப் பத்து ஏறத்தான் செய்யும்.

சரி, இன்னும் முனைந்து 30 பக்கம் படிக்கிறேன் என்கிறீர்களா? அப்போது வருஷத்துக்கு நாற்பத்தைந்து முடியும், குவியல் ஐந்து குறையும். முந்நூறு தீர அறுபது வருஷம். வேகமாகப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்கள் பக்கம் நான் யாரையும் அனுப்பாததற்கு இதுதான் காரணம். கதையை ஓட்டிப் படிப்பதில் என்ன சுகம் இருக்கிறது என்பது வேறு பேச்சு.

எங்கள் பக்கத்து வாயனசாலை (ஊர் நூலகம்) ஒன்றின் கமிட்டியில் ரொம்ப காலமாக இருக்கிறேன். புத்தகம் வாங்குவது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏற்றுவது, பூச்சி அரித்ததைக் கழிப்பது எல்லாம் பழகிய வேலை. எந்த நூலகமும் தன்னிடம் உள்ள புத்தகம் அத்தனையும் படிக்கப்பட்டுவிட்டதா என்று கேட்பதில்லை. எது இங்கே இருந்தாக வேண்டும் என்றுதான் கேட்கும். வீட்டு பீரோவுக்கும் அதே கேள்விதான் சரிப்படும். ஆனால் பெரிய நூலகங்கள் பிரிக்கிற மாதிரி கதை, கட்டுரை, வரலாறு என்று பிரித்தால் நமக்கு ஒன்றும் தேறாது. நான் சொல்லும் பிரிவினை ஒன்றே ஒன்றுதான்: இந்தப் புத்தகத்தை இன்றைக்கு விட்டுவிட்டால் திரும்பக் கிடைக்குமா?

எல்லையோரத்துக்காரர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி என்று பாருங்கள். கோவையில் குடியிருப்பவர் ராஜவீதியில் விஜயா பதிப்பகத்துக்குள் நுழைந்து ஒரு புத்தகம் வாங்குவார். அதைப் படித்துவிட்டு அடுத்த மாதம் இன்னொன்றுக்குப் போவார். நமக்கு வேலந்தாவளம் எல்லையைத் தாண்டினால்தான் தமிழ்ப் புத்தகக் கடை. சித்தூர், பாலக்காடு கடைகளில் மலையாளம் தாராளமாகக் கிடைக்கும்; தமிழ் என்று கேட்டால் வார இதழை எடுத்து நீட்டுவார்கள். அதனால் கோவைக்கோ பொள்ளாச்சிக்கோ போகிற அன்றைக்கு, “இனி எப்ப வரப்போறோமோ” என்று கல்யாண வீட்டுக்கு மளிகைக் கட்டு வாங்குகிற மாதிரி வாங்கிவிடுகிறோம். தேவிகுளம், மூணாறு எஸ்டேட்காரர்கள் போடிக்கு இறங்கினாலும் சரி, வண்டிப்பெரியாற்றுக்காரர்கள் கம்பத்துக்கு இறங்கினாலும் சரி, இதே கதைதான். பாறசாலைக்காரர் நாகர்கோவிலிலும் ஆந்திரத்து நகரி, புத்தூர்க்காரர் சென்னையிலும் செய்வது இதையேதான். உங்கள் பீரோவில் இருப்பதில் பெரும்பங்கு ஆசையில் வாங்கியது அல்ல, கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் வாங்கியது.

அந்தப் பயம் சில புத்தகங்களுக்கு நியாயமானது. பலவற்றுக்கு, அது தீர்ந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. எது எது என்று பிரிப்பதுதான் வேலை.

எளிதானதை முதலில் எடுங்கள். பாரதியார் கவிதைகள், திருக்குறள் உரை, சங்க இலக்கியம், கல்கியின் நாவல்கள். இவற்றில் எதையாவது படிக்காமல் வைத்திருந்தால் அந்தக் குற்ற உணர்வை இன்றைக்கே இறக்கி வைத்துவிடுங்கள். பாரதியின் எழுத்துரிமையைச் சென்னை மாகாண அரசு 1949-லேயே வாங்கிவிட்டது. அதன் பிறகு தமிழ்நாடு அரசு நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது. கல்கியும் அதில் உண்டு. நாட்டுடைமை ஆகாவிட்டாலும், எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிட்டு 60 ஆண்டுகள் போனால் நம் நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை முடிந்துவிடும். அப்படி உரிமை முடிந்ததை எத்தனையோ பதிப்பகங்கள் போட்டி போட்டு அச்சடிக்கின்றன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் காசில்லாமல் படிக்கலாம். நீங்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இவை தீர்ந்துபோகப் போவதில்லை. வைத்திருக்க ஆசையா, வையுங்கள். ஆனால் “படிக்காதவை” என்ற கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே நாவலுக்கு இரண்டு பதிப்பு இருந்தால் எழுத்து பெரிதாக உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடுங்கள். நாற்பது தாண்டியபின் படிக்காமல் போகும் புத்தகங்களில் ஒரு பங்கு பொடி எழுத்தால் மட்டுமே படிக்கப்படாமல் போகிறது. அதைச் சோம்பல் என்று நினைத்து நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம்.

உங்கள் மலையாளப் புத்தகங்களில் பெரும்பாலானவையும் இந்தக் கூட்டம்தான். நாம் குடியிருக்கும் மாநிலம் அப்படி. 1945-ல் அம்பலப்புழையில் 47 வாயனசாலைகளை ஒன்றுகூட்டி பி.என்.பணிக்கர் தொடங்கிய கிரந்தசாலா (நூலக) சங்கம் வளர்ந்து, இன்று பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்து வாயனசாலை இருக்கிறது. பேர் பெற்ற மலையாள நாவல் எதுவாக இருந்தாலும் நடந்துபோய் எடுத்துவரும் தூரத்தில் கிடைக்கும். இல்லையென்றால் அடுத்த முறை வாங்கும்போது சேர்க்கச் சொல்லலாம். கைக்கெட்டிய தூரத்தில் இரவல் கிடைக்கும் புத்தகத்துக்கு வீட்டு பீரோவில் இடம் கொடுத்துவிட்டு, கோவையிலிருந்து சுமந்து வந்த தமிழ்ப் புத்தகத்தைக் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பது எந்த ஊர் நியாயம்? எல்லையோர வீடுகளில் நான் பார்த்தவரைக்கும் இதுதான் நடக்கிறது.

இரண்டாவது கூட்டம், கொஞ்சம் அலைந்தால் கிடைப்பவை. இப்போது எழுதிக்கொண்டிருப்பவர்களின் நாவல், சிறுகதை, மொழிபெயர்ப்பு எல்லாம் இதில் வரும். இங்கேதான் நிலைமை மாறியிருக்கிறது. முன்பெல்லாம் ஒரு புத்தகம் ஆயிரம் பிரதி அச்சாகும். விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்பு வருமா வராதா என்பது பதிப்பாளரின் கைப்பணத்தைப் பொறுத்தது. இன்று டிஜிட்டல் அச்சில் நூறு, இருநூறு அடிக்கிறார்கள், தீர்ந்தால் மறுபடி அடிக்கிறார்கள். அதனால் கடையில் “ஸ்டாக் இல்லை” என்று சொன்னால் அது “இனிமேல் இல்லை” என்று ஆகிவிடாது. பதிப்பகத்துக்கு வாட்சப்பில் ஒரு வரி கேட்டால் போதும். தமிழ்ப் பதிப்பாளர்களில் பலர் அவர்களே பதில் போடுவார்கள், கூரியரிலும் அனுப்புவார்கள். அப்படிப் பதில் போடுகிற பதிப்பகத்தின் புத்தகத்தை முன்கூட்டியே வாங்கி அடுக்க வேண்டிய அவசியமே இல்லை. படிக்கப்போகிற மாதத்தில் வாங்கினால் போதும். உங்கள் முந்நூறில் பாதியாவது இந்தக் கூட்டமாக இருக்கும் என்று நினைக்கிறேன். படிப்பதற்கான வரிசை இதிலிருந்துதான் உருவாக வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது கூட்டத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும். போனால் போனதுதான் என்ற வகை. அழகான அட்டை போட்ட புத்தகங்கள் இதில் குறைவாகத்தான் இருக்கும். கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், நின்றுபோன சிற்றிதழ்களின் ஒற்றை இதழ்கள், மொழிச் சிறுபான்மையினர் மாநாட்டில் கொடுத்த சிறு வெளியீடு, தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை, உள்ளூர்ப் புலவர் ஒருவர் தன் செலவில் அச்சடித்த பாட்டுப் புத்தகம். 1956 நவம்பர் 1-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. செங்கோட்டையும் கன்னியாகுமரி மாவட்டமாக ஆன நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்குப் போயின. நம்முடைய சித்தூர் அதற்கு முன்னால் கொச்சி ராஜ்யம். அந்தச் சமயத்தில் இரண்டு பக்கமும் அச்சான துண்டுப் பிரசுரங்களும் சின்னப் புத்தகங்களும் எந்தக் கடைக்கும் விற்பனைக்கு வந்தவை அல்ல. யாரோ ஒரு தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் இருந்தால் இருக்கும். மறுபதிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்த வகையைப் படிக்கவில்லையே என்று வருத்தப்படவே வேண்டாம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர் ரோஜா முத்தையா. பழைய புத்தகம், இதழ், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்தார். ஒரு லட்சத்தை ஒட்டிய உருப்படிகள். ஒரு மனிதர் உட்கார்ந்து படித்து முடிக்கிற சமாசாரமா அது? 1992-ல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தமிழ் அச்சு வரலாறு பற்றி வேலை செய்கிறவர்கள் இன்றைக்கும் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். முத்தையா சேர்த்ததில் பெருமளவு, அன்றைக்குப் பார்த்தவர்களுக்குக் காகிதக் குப்பையாகத் தெரிந்திருக்கும். நம் வீட்டில் அவர் அளவுக்கு ஒன்றுமில்லைதான். ஆனால் முந்நூறில் பத்துப் பதினைந்து இப்படித் தேறலாம். அந்தப் பத்துப் பதினைந்துக்குப் பீரோவில் நல்ல தட்டை ஒதுக்குங்கள். நேரம் கிடைக்கும்போது போனிலேயே ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

எப்போது பிரிப்பது? ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று நினைத்தால் நடக்காது. இரண்டாவது புத்தகத்தைத் திறந்ததுமே படிக்க உட்கார்ந்துவிடுவீர்கள், சாயங்காலம் தரை முழுக்கப் புத்தகமும் அடுப்பில் ஒன்றுமில்லாமலும் இருக்கும். எனக்குத் தெரிந்து இதற்கு மிகவும் வசதியான நாள் சரஸ்வதி பூஜை. நம் பக்கம் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் எடுக்கும்வரை படிக்கக் கூடாது என்பது வழக்கம் அல்லவா. எப்படியும் பீரோவைத் துடைக்கப் போகிறீர்கள், எப்படியும் புத்தகம் வெளியே வரப்போகிறது, திறந்து படிக்கவோ அனுமதியில்லை. அட்டையைப் பார்த்து மூன்று அடுக்காகப் பிரிப்பதற்கு இதைவிடத் தோதான கட்டுப்பாடு வேறு எது? தென்மேற்குப் பருவமழை அடங்கி, துலாமழை (ஐப்பசி மழை) வலுப்பதற்கு முந்திய இடைவெளியாகவும் பெரும்பாலும் அது அமைந்துவிடும். காற்றாட வைத்ததும் ஆயிற்று.

பிரிக்கும்போது ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, ஏன் வாங்கினோம் என்று ஒரு வாக்கியம் சொல்ல முயலுங்கள். “பேட்டி படித்துவிட்டு வாங்கினேன்”, “ஒன்பதாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்க ஆகும்”, “அம்மா இந்தக் கதையைச் சொல்வாள்”. சொல்ல வந்தால் பென்சிலால் முதல் பக்க மூலையில் எழுதிவிடுங்கள். எவ்வளவு யோசித்தும் வரவில்லை, திரும்பக் கிடைக்கிற புத்தகம்தான் என்றால் அதை வைத்திருப்பதற்கு உங்களிடம் காரணமே இல்லை. விலைச்சீட்டைப் பார்த்து மனசு வரவில்லை என்பீர்கள். கொடுத்த பணம் அன்றைக்கே போயிற்று. பீரோவில் வைத்திருப்பதால் அது திரும்ப வரப்போவதில்லை.

வீட்டுக்காரர் சொல்லும் கறையான் விஷயம் சும்மா தள்ளிவிடக்கூடியதல்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கோடையில் புத்தகத்தை வறட்டி எடுக்கும். ஜூன் பிறந்துவிட்டால் நான்கு மாதம் ஈரம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நின்றுவிட்டால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். மூணாறு போன்ற மலை ஊர்களில் இன்னும் மோசம். பூச்சியும் பூஞ்சையும் முதலில் தொடுவது படிக்காத புத்தகத்தைத்தான், ஏனென்றால் அதைத்தான் யாரும் அசைப்பதில்லை. ராமபாணப் பூச்சி பைண்டிங் பசையையும் மாவுச்சத்தையும் தேடி வரும்; முதுகுப் பக்கத்தில் சுரண்டினது போல் தெரிந்தால் அதன் வேலை. கறையான் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் ஏறும்.

இரும்பு பீரோ பாதுகாப்பு என்று நினைத்து மழைக்காலம் முழுவதும் பூட்டியே வைக்கிறோம். உள்ளே மாட்டிய ஈரம் வெளியேற வழியில்லாமல் போய்விடும். வாரம் ஒருமுறை, வெயில் அடிக்கிற பகலாகப் பார்த்துக் கதவைத் திறந்து மின்விசிறியைச் சுழலவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி நிறுத்துங்கள். புத்தகத்தை இறுக்கி அடைக்காதீர்கள், நடுவே விரல் நுழைய வேண்டும். சிலிக்கா ஜெல் பைகள் போடலாம். ஈரம் குடித்தபின் சூடாக்கி உலர்த்தி மறுபடி போடும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். வசம்புத் துண்டு பழைய வழி, சுவடிக்காலத்திலிருந்து வருவது, கெடுதல் ஒன்றும் இல்லை. வேப்பிலை வைப்பதானால் நன்றாகக் காய்ந்ததாக வையுங்கள். பச்சை இலை தன் ஈரத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடும். ரசகற்பூர உருண்டையைப் படுக்கையறை பீரோவில் போடாதீர்கள், அந்த நெடி மூச்சுக்கு நல்லதல்ல. பூச்சி பட்ட புத்தகத்தை வெயிலில் விரித்துப் போடுவதும் தப்பு. தாள் பழுத்து நொறுங்கும். பிளாஸ்டிக் பையில் காற்றை வெளியேற்றி இறுகக் கட்டி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும். எடுத்தபின் ஒரு நாள் பையைப் பிரிக்காமல் வெளியே வையுங்கள், இல்லையென்றால் தாளில் நீர் கோத்துவிடும். மீன் வைக்கிற ஃப்ரீசராக இருந்தால் வீட்டில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

இனி படிக்கிற வரிசை. இரண்டாவது அடுக்கிலிருந்து ஐந்தே ஐந்து எடுத்துக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். பீரோவுக்குள் இருக்கும்வரை அவை முந்நூறில் ஒன்று. மேசைக்கு வந்தால்தான் படிக்கிற புத்தகம். ஐந்தும் ஒரே ஜாதியாக இருக்க வேண்டாம். ஒன்று தடிமனாக, ஒன்று பஸ்ஸில் சித்தூர் போய் வருவதற்குள் இரண்டு கதை முடிகிற மாதிரி, ஒன்று பாட்டு. ஒன்று முடிந்தால் பீரோவிலிருந்து ஒன்று வரட்டும். ஐம்பது பக்கம் தாண்டியும் ஒட்டவில்லையா, மூடிவிடுங்கள். மாணவர்களுக்குத்தான் பாடம் முழுக்கப் படித்தாக வேண்டிய கட்டாயம், நமக்கு இல்லை. இந்த ஆண்டு முழுக்க வரலாறு, அடுத்த ஆண்டு முழுக்க மொழிபெயர்ப்பு என்றெல்லாம் திட்டம் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தத் திட்டமே புதிதாகப் பத்துப் புத்தகம் வாங்க ஒரு சாக்காக முடிகிறதைத்தான் பார்க்கிறேன்.

வாங்குவதை நிறுத்தவா என்று கேட்டீர்கள். வேண்டாம். எல்லையில் இருந்துகொண்டு தமிழ்ப் புத்தகம் வாங்குவதை நிறுத்தினால், கொஞ்ச நாளில் தமிழ் படிப்பதும் நின்றுவிடும். நம் பிள்ளைகளில் எத்தனை பேர் தமிழ் பேசிக்கொண்டு மலையாளம் மட்டும் படிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா. ஆனால் கோவை புத்தகத் திருவிழா நடக்கும் கொடிசியா வளாகத்துக்குள் நுழையும்போது அதே கேள்வியோடு நுழையுங்கள். பெரிய பதிப்பகங்களின் அரங்குகளில் அடுக்கியிருப்பது அடுத்த வருஷமும் அங்கேதான் இருக்கும். பத்து சதவீதத் தள்ளுபடிக்காகத் தொண்ணூறு சதவீதத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்பதை மறந்துவிடாதீர்கள். நேரத்தையும் காசையும் மூலையில் இருக்கிற சின்ன அரங்குகளில் செலவிடுங்கள்: ஒருவரே நடத்தும் பதிப்பகம், சிற்றிதழ்களின் பழைய கட்டு, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம், உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் வெளியீடுகள். நிறுவனங்களின் நல்ல ஆய்வு நூல்கள் தீர்ந்துவிட்டால் மறுபதிப்பு எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. விலையும் சகாயமாக இருக்கும். ஜூலை மாதத்து மழையில் திரும்பி வருகிறீர்கள் என்பதால் பிளாஸ்டிக் உறை ஒன்றும் கொண்டுபோங்கள்; நனைந்து ஒட்டிய பக்கத்தைப் பிரிப்பதற்குள் உயிர் போய்விடும்.

கிண்டிலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. இடத்தை அடைக்காது, கறையான் வராது. இலவசம் என்று போட்ட அன்றைக்கு இறக்கியதை எல்லாம் கருவியிலிருந்து நீக்கிவிடுங்கள். வேண்டுமென்றால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். மாதிரிப் பக்கங்களை மட்டும் இறக்கிப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குகிற பழக்கம் நல்லது. முதல் அடுக்கில் சொன்ன பழைய நூல்களைப் படிக்க அது வசதியான கருவி, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, வெளியே போக வேண்டியவை. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் மூன்றாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் நீங்கள்தான் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எட்டாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணாக இருக்கலாம், ஓய்வு பெற்று வந்திருக்கும் பக்கத்துத் தெருத் தபால்காரராக இருக்கலாம். எங்கள் பக்கத்து வாயனசாலைகளில் தமிழ்ப் புத்தக ராக் பெரும்பாலும் யாராவது கொடுத்ததில்தான் நிறைகிறது. மாவட்டப் புத்தகோத்சவத்தில் (புத்தகக் கண்காட்சி) கிராண்ட் பணத்துக்கு வாங்கப் போனால் தமிழ் கண்ணில் படுவதே அபூர்வம். ஆகவே உங்கள் வீட்டிலிருந்து வரும் நல்ல தமிழ்ப் புத்தகம் ஐம்பது எங்களுக்கு ஒரு பெரிய வரவு.

ஆனால் கொடுக்கிற முறை ஒன்று உண்டு. பணிக்கர் மறைந்த ஜூன் 19-ஐ வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறோம் அல்லவா, அந்த வாரத்தில் எல்லோரும் சாக்குமூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். பழைய கைடு, கிழிந்த வார இதழ், போன வருஷ டயரி வரை உள்ளே இருக்கும். மழை வேறு. பிரித்துப் பார்க்க ஆளிருக்காது, மூட்டை அப்படியே மூலையில் கிடந்து பூஞ்சை பூக்கும். ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டாலோ பிறகு கழிக்கக் கமிட்டித் தீர்மானம் வேண்டும், அதனால் செயலாளர்கள் எதையும் ஏற்றவே தயங்குவார்கள். நீங்கள் பூஜை கழிந்தபின் கொடுங்கள். அதற்கு முன்னால் புத்தக முதுகுகள் தெரிகிற மாதிரி நான்கைந்து போட்டோ எடுத்து செயலாளருக்கு வாட்சப்பில் அனுப்பி, எவை வேண்டும் என்று குறித்துத் தரச் சொல்லுங்கள். மிஞ்சியதை அடுத்து கோவை போகும்போது உக்கடம் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளில் போட்டுவிடலாம். அங்கே போட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்புவது கொஞ்சம் கஷ்டம்தான். வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.